மாடி வகுப்புக்கு வந்த டீ

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில், பஸ் நின்று ஆள் இறக்கிவிட்டுப் போகிற விலக்கு ஒன்று. ஊர் உள்ளே தள்ளி இருக்கிறது. காலனி அதற்கும் அப்பால். விலக்கில் ஒரு சைக்கிள் கடை, ஓர் உரக்கடை, தங்கசாமியின் டீக்கடை. டீக்கடைக்கு மேலே ஒற்றை அறை. அந்த அறையில்தான் 1998-இல் பூவனலிங்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு தொடங்கினார்.

பகலில் அவர் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசில் கிளார்க். முதலாளி தமிழில் சொல்வதை இங்கிலீஷ் கடிதமாக டைப் அடித்துக் கொடுப்பது வேலை. சாயங்காலம் பஸ் ஏறி விலக்கில் இறங்கினால் வாத்தியார். தங்கசாமி அவருடைய அக்கா பாலம்மாளைக் கட்டியவர். அந்த உறவில் அறைக்கு வாடகை கிடையாது.

பூவனலிங்கம் வகுப்பு தொடங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. டிகிரி முடித்த புதிதில் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சிக்கு இன்டர்வியூ போனார். பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் திக்கி நின்றுவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர், “கேரி ஆன்” என்றார். மேலே சொல்லுங்கள் என்பது அதன் பொருள். பூவனலிங்கத்துக்குத் தெரிந்த ‘கேரி’ சுமப்பது மட்டுமே. எதைச் சுமக்கச் சொல்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்துவிட்டு, மேசை ஓரத்தில் இருந்த ஃபைல் கட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கரிசல் காட்டில் கம்பும் உளுந்தும் விதைக்கிறவன் வீட்டுப் பிள்ளைக்கு ‘கேரி ஆன்’ யார் சொல்லிக் கொடுத்தார்கள்? சொல்லிக் கொடுக்காததைத் தெரியவில்லை என்று சிரிக்கிற கூட்டம் நாட்டில் எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சிரிப்பை இன்னொருவன் கேட்கக் கூடாது என்று பூவனலிங்கம் நினைத்தார். அந்த நினைப்பு உண்மையானது. பின்னால் நடந்ததற்காக அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

அவருடைய பாடமுறை எளிது. “இங்கிலீஷ்ல சின்ன வார்த்தைதான் ஆள ஏமாத்தும். ஒத்தையா நின்னா ஒண்ணு, வால் முளைச்சா வேற ஒண்ணு,” என்பார். “இது என்ன வெள்ளக்காரன் மட்டும் கண்டுபிடிச்சதா? ‘பாரு’ன்னா என்ன? ‘பாத்துக்கோ’ன்னா என்ன? ஆட்டைப் பாருன்னா கண்ணால பாக்குறது. ஆட்டைப் பாத்துக்கோன்னா மேய்க்கணும், தண்ணி காட்டணும், சாயங்காலம் எண்ணி அடைக்கணும். அவனும் அப்படித்தான். லுக் அட் ஒண்ணு, லுக் ஆஃப்டர் வேற. நம்ம தள்ளிப்போடுதோம், அவன் புட் ஆஃப்ங்குதான். நம்ம பொறுத்துப் போறோம், அவன் புட் அப் வித்துங்குதான்.”

வகுப்புக்கு ஒரே ஒரு சட்டம். அன்றன்றைக்குத் தன் கண்ணால் பார்த்ததை வைத்து ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் கொண்டுவர வேண்டும். புத்தக வாக்கியம் செல்லாது. “லண்டன்ல பஸ்ஸ விட்ட ஜான் நமக்கு வேண்டாம். எட்டயபுரம் பஸ்ஸ விட்ட வெயிலுமுத்து போதும்.” ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லவும் கூடாது. “கண்ணு இருக்குல்லா? இருந்தா பட்டிருக்கும்.”

அதனால் அந்த அறையில் இங்கிலீஷ் ஊர் மணத்தோடு புழங்கியது. உரக்கடைக்காரர் மகன் மணிகண்டபிரபு எழுந்து, “மை ஃபாதர் கெட்ஸ் அப் வித் தி மில் சங்கு” என்பான். அப்பா மில் சங்குச் சத்தத்தில் எழுகிறாராம். “அப்பா எந்திரிக்கிறது இருக்கட்டும், நீ எப்பம்ல எந்திரிக்க?” என்று பின்னாலிருந்து குரல் வரும். “அதுக்கு இங்கிலீஷ்ல வெர்பே கெடையாது,” என்று இன்னொரு குரல். பூவனலிங்கமும் சிரிப்பார். கேலி இருந்தது, ஆனால் அது ஆளைச் சுருங்க வைக்கிற கேலி இல்லை. வாத்தியாருக்கு அதில் பெருமை.

வகுப்பில் காலனியிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் சின்னக்கருப்பன், ஐ.டி.ஐ. முடித்தவன். மற்றவள் பத்திரகாளி. பி.காம். முடித்துவிட்டு ஒரு தீப்பெட்டி ஆலையில் குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகிக் கட்டை அடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா உரக்கடையில் மூட்டை இறக்குகிறவர். தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்திருந்தது. தை மாதத்தில் தேதி. அந்த மேசைக்கு முன்னால் அவள் திக்காமல் பேசிவிட்டால் கட்டை அடுக்குவதிலிருந்து தப்பிக்கலாம். “ஒன்ன நான் தயார் பண்ணி அனுப்புதேன். நான் முழிச்ச மாதிரி நீ முழிக்கக் கூடாது,” என்று பூவனலிங்கம் அவளிடம் சொல்லியிருந்தார். சொன்னது போலவே, மற்றவர்கள் போன பிறகும் இருபது நிமிஷம் அவளையும் சின்னக்கருப்பனையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுப் பழக்கினார்.

வகுப்பின் நடுவில் டீ வரும். பாலம்மாள் கம்பி ஸ்டாண்டில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு படியேறி வருவார். வாத்தியாருக்கு ஒரு கிளாஸ். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கிளாஸ். இன்னொரு கையில் வெள்ளை பிளாஸ்டிக் கப் இரண்டு. அவை சின்னக்கருப்பனுக்கும் பத்திரகாளிக்கும். குடித்து முடித்ததும் கிளாஸ்கள் ஸ்டாண்டில் ஏறிக் கீழே கழுவப் போகும். கப் இரண்டும் ஜன்னல் வழியாகப் பின்பக்கத்துக் கருவேல முள்ளில் போய் விழும். குடித்தவர்களே எறிய வேண்டும்.

இந்தக் கப்பின் கதை சின்னது. முன்பெல்லாம் காலனிக்காரர்களுக்கு என்று கடையின் கீற்றுச் சந்தில் ஒரு கிளாஸ் செருகிவைத்திருப்பார்கள். அவர்களே எடுத்து, குடித்து, கழுவி, அங்கேயே செருக வேண்டும். போலீசில் புகார் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியதும் அந்தக் கிளாஸ் காணாமல் போனது. பிளாஸ்டிக் கப் வந்தது. கேட்டவர்களிடம் தங்கசாமி, “சுத்தம்லா? ஒருத்தர் எச்சி ஒருத்தருக்கு இல்ல,” என்றார். சுத்தம் காலனிக்காரர்களுக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது என்று யாரும் கேட்கவில்லை. ‘எல்லோரும் இறைவனின் பிள்ளைகள்’ என்று எழுதிய காலண்டர் கடைச் சுவரில் தொங்கியது. அதற்குக் கீழேதான் கப் அடுக்கு இருந்தது. சாதி இப்படித்தான். சட்டம் ஒரு கதவைச் சாத்தினால் சுகாதாரம் என்று பெயர் மாற்றிக்கொண்டு அடுத்த கதவில் நுழைகிறது.

பூவனலிங்கத்துக்கு இது தெரியாதா? தெரியும். தினமும் அவர் கண் முன்னால் நடந்தது. ஆனால் கீழே நடப்பது அத்தான் வியாபாரம், மேலே நடப்பது தன் வகுப்பு என்று மனசுக்குள் ஒரு தளம் போட்டு வைத்திருந்தார். படியேறி வந்த டீ அந்தத் தளத்தை எப்படித் தாண்டியது என்று அவர் யோசிக்கவில்லை.

மார்கழியில் ஒரு நாள். அன்றைய பாடம் ‘அப்’, ‘அவே’ என்று முடிகிற வினைகள். பெய்து ஓய்ந்த மழையில் எல்லோர் செருப்பிலும் கரிசல் மண் அப்பி, படியடியில் கிடந்தது. டீ குடித்தாயிற்று. கிளாஸ்கள் இன்னும் ஸ்டாண்டில் இருந்தன. பத்திரகாளி முறை வந்தது. எழுந்தாள். கையில் கப் இருந்தது. எப்போதும் குடித்த உடனே எறிந்துவிடுகிறவள் அன்றைக்கு எறியவில்லை.

“தே வாஷ் அப் தேர் கிளாசஸ்,” என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். “ஐ த்ரோ அவே மை கப்.”

அவர்களுடைய கிளாஸைக் கழுவி வைக்கிறார்கள். என் கப்பை நான் எறிந்துவிடுகிறேன்.

திக்கவில்லை. குரல் ஏறவும் இல்லை. அன்றைக்குக் கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்பது வகுப்பின் சட்டம். அவள் சொன்னாள், அவ்வளவுதான். மணிகண்டபிரபு சிரிக்கிற பாவனையில் வாயைத் திறந்து, யாரும் சேர்ந்துகொள்ளாததால் மூடிக்கொண்டான். மற்றவர்கள் ஸ்டாண்டைப் பார்த்தார்கள். ஸ்டாண்டை எடுக்க வந்த பாலம்மாள் கடைசிப் படியில் நின்றுவிட்டார். இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கிளாசும் கப்பும் இங்கிலீஷா?

எல்லோரும் வாத்தியாரைப் பார்த்தார்கள்.

பூவனலிங்கத்தின் கையில் சாக்பீஸ் இருந்தது. அவருடைய கிளாஸ் மேசையில் பாதி டீயோடு இருந்தது. அந்த நேரத்தில் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் தன் கிளாஸை எடுத்து அவளிடம் நீட்டியிருக்கலாம். இல்லை, தலையைக் குனிந்திருக்கலாம்.

“கரெக்ட்,” என்றார். “ரெண்டு வெர்புமே கரெக்ட். நெக்ஸ்ட்.”

அடுத்தது சின்னக்கருப்பன். எழுந்து நின்றான். “எனக்கு இன்னைக்கு ஒண்ணும் கண்ணுல படல சார்.”

சட்டப்படி அதை அவர் விட்டிருக்கக் கூடாது. விட்டார். “சரி, ஒக்காரு,” என்றார்.

அன்று இரவு அவர் எப்படித் தூங்கினார் என்பது நமக்கு முக்கியமில்லை. மறுநாள் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். யோசித்து, நியாயம் என்று தனக்குத் தோன்றிய ஒரு வழியைக் கண்டுபிடித்தார். படித்தவனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி. “இனிமே வகுப்புல டீ கெடையாது. டைம் வேஸ்ட் ஆகுது,” என்று அறிவித்தார். கிளாசும் இல்லை, கப்பும் இல்லை, எல்லோரும் சமம். அத்தானிடம் ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. அறை பத்திரமாக இருந்தது.

வகுப்பு முடிந்து எல்லோரும் படியிறங்கினார்கள். பத்திரகாளி கடைசியாக நின்றாள்.

“இன்டர்வியூக்குக் கேள்வி பாப்பமா?” என்றார் அவர். குரலில் தேவைக்கு மேல் உற்சாகம்.

“சார், டீய எதுக்கு நிறுத்துனீங்க?”

“அதான் சொன்னேன்லாம்மா. டைம்...”

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் போர்டைத் துடைக்கத் திரும்பினார். போர்டு ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

“வாரேன் சார்,” என்றாள்.

அதற்குப் பிறகு வரவில்லை. சின்னக்கருப்பனும் வரவில்லை. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய இன்டர்வியூ தேதியும்தான். காலனிக்குப் போய்க் கூப்பிட வேண்டும் என்று பூவனலிங்கம் தினமும் நினைத்தார். தினமும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தள்ளிப்போடுவதற்கு இங்கிலீஷில் என்ன என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர்.

பாலம்மாள்தான் ஒரு நாள் கேட்டார். தம்பிக்குச் சோறு போட்டுக்கொண்டே, “ஏல, அந்தப் புள்ள அன்னைக்கு என்ன சொல்லிச்சு?”

அவர் தமிழில் சொன்னார்.

“அதுக்கு நீ என்ன சொன்ன?”

“கரெக்ட்னேன்.”

“கரெக்ட்டுன்னியா?” பாலம்மாள் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டார். “நான் எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாதவ. ஒங்க அத்தான் குடுக்கச் சொன்னத குடுத்தேன். நீ எதுக்குல படிச்ச?”

அவர் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாளிலிருந்து பூவனலிங்கம் ஒரு காரியம் செய்தார். பஸ் இறங்கியதும் கடைக்கு வந்து, “அத்தான், எனக்குக் கப்புல குடுங்க,” என்றார்.

தங்கசாமி டீ ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். “என்ன மாப்ள, கோட்டி புடிச்சிருக்கா?”

“கப்புல குடுங்க. சுத்தம்னுதான சொல்லுதீங்க?”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அழகிரிசாமி, கடையின் தினசரி வாடிக்கை, பேப்பரை மடித்தார். “சாருக்கு இங்கிலீஷ் முத்திப் போச்சு அண்ணாச்சி. வெள்ளக்காரன் இப்படித்தான் குடிப்பானாம்.” பெஞ்சு சிரித்தது. தங்கசாமி சிரிக்கவில்லை. கப்பில் ஊற்றி, ஸ்லாபில் பொத்தென்று வைத்தார். பூவனலிங்கம் அதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காலனிக்காரர்கள் நிற்கிற இடத்தில் நின்று குடித்தார். தினமும் குடித்தார். மனசு லேசானது போல இருந்தது. தியாகம் செய்கிறவனுக்கு வருகிற அந்த லேசு ரொம்ப ஆபத்தானது. அதில் அடுத்தவன் கஷ்டம் மறைந்து தன் நல்ல குணம் மட்டும் தெரிய ஆரம்பிக்கும்.

இன்டர்வியூ அன்றைக்குக் காலையில் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு விலக்குக்கு வந்து நின்றார். தூத்துக்குடி பஸ்ஸுக்குப் பத்திரகாளி காத்திருந்தாள். புதுச் சேலை, கையில் சர்ட்டிபிகேட் வைத்த பிளாஸ்டிக் உறை. பக்கத்தில் அவள் அப்பா, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். பூவனலிங்கம் கையில் கப்போடு அவர்களிடம் போனார்.

“நல்லா பண்ணும்மா. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. எதையும் தூக்கிராத,” என்று தன் பழைய கதையை வைத்துச் சிரிக்கப் பார்த்தார். அவள் லேசாகச் சிரித்தாள். அவள் கண் கப்புக்குப் போய்த் திரும்பியது. அவள் பார்க்க வேண்டும் என்றுதான் அவர் கப்பைக் கொண்டுவந்திருந்தார். பார்த்துவிட்டாள். ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தார்.

“கேள்விப்பட்டேன் சார்,” என்றாள். “தெனமும் கப்புலதான் குடிக்கீங்களாமே.”

“ஆமாம்மா.”

“நீங்க கப்புக்கு வந்துட்டீங்க. எங்க அப்பாவுக்கு இன்னும் கிளாஸ் வரலயே சார்.”

“ஏட்டி, சும்மா இரு,” என்றார் அப்பா. “அவிய வாத்தியாரு.” பிறகு பூவனலிங்கத்தைப் பார்த்து, “சின்னப்புள்ள சார், தப்பா எடுத்துக்காதீங்க,” என்று கும்பிட்டார்.

அந்தக் கும்பிடு அவரை அடித்துப் போட்டது. மகள் சொன்னது உண்மை, அதற்கு மன்னிப்புக் கேட்பது மூட்டை சுமந்து அவளைப் படிக்கவைத்தவர், கேட்பது தன்னிடம். பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

பூவனலிங்கம் கடைக்குள் போனார். கப்பை ஸ்லாபில் வைத்தார். காலை நேரம், பெஞ்சு நிறைந்திருந்தது.

“அத்தான், இந்தக் கப்ப இனிமே யாருக்கும் குடுக்காதீங்க. எல்லாருக்கும் கிளாஸ்ல குடுங்க.”

“யாரு எல்லாருக்கும்?”

“அந்தப் புள்ளையோட அப்பாவுக்கும்.”

தங்கசாமி பாய்லர் மூடியைச் சாத்தினார். “குடுக்கலாம் மாப்ள. நாளைக்கு இந்த பெஞ்சுல எவன் ஒக்காருவான்? நீ ஒருத்தனே நூறு டீ குடிப்பியா?”

“நூறு பேரும் போக மாட்டான்.”

“போவான். நீ மாசச் சம்பளக்காரன். ஒனக்கு நாயம் பேச முடியும். எனக்கு அடுப்பு எரியணும்.”

“அப்பம் மேல என் வகுப்புக்கு வந்த புள்ளைகளுக்கு?”

“அது ஒன் வகுப்பு. அங்கன நீ என்ன சொன்ன?” என்றார் தங்கசாமி. “டீயே வேண்டாம்னு நிறுத்துனது நீதான? அன்னைக்கு வந்து எங்கிட்ட கேட்டியா? அன்னைக்கே கேட்டிருந்தா ரூமுக்கு மட்டுமாவது கிளாஸ் குடுத்திருப்பேன். கட்டுனவ தம்பி கேட்டா மாட்டேன்னா சொல்லுவேன்? இப்பம் வந்து பெஞ்சு நெறைய ஆள் இருக்கும்போது என்ன அசிங்கப்படுத்துத.”

குடுத்திருப்பாரோ மாட்டாரோ, யாருக்குத் தெரியும். ஆனால் பூவனலிங்கம் அன்றைக்குக் கேட்கவில்லை.

“ரூம காலி பண்ணிட்டு அப்புறம் ஊரத் திருத்து,” என்று தங்கசாமி அடுத்த டீயை ஆற்றத் தொடங்கினார்.

அன்று மாலையே போர்டு இறங்கியது. பாலம்மாள்தான் ஒரு முனையைப் பிடித்தார். புருஷன் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு வார்த்தை பேசாமல் பஸ் நிற்கிற இடம்வரை தூக்கிவந்தார்.

இதைச் சொல்வது பூவனலிங்கத்தைப் பாராட்ட அல்ல. கடையில் கப் கொடுப்பது நிற்கவில்லை. அவர் போனபின் பல வருஷம் அந்த முள்ளில் வெள்ளை வெள்ளையாகக் குவிந்தது. அவர் இழந்தது வாடகையில்லாத ஓர் அறை. கேட்க வேண்டியதைக் கேட்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாதத்தில்தான் ஒரு பெண் இன்டர்வியூவுக்குத் தன்னந்தனியாகத் தயாரானாள்.

வேலை கிடைத்துவிட்டது என்று சின்னக்கருப்பன் சொல்லித்தான் தெரியும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது சொன்னான்.

“ஒண்ணும் முழிக்கலயாம் சார். டக்கு டக்குன்னு பதில் சொல்லிருக்கா.”

பூவனலிங்கம் சந்தோஷப்பட்டார். பிறகு, கேட்கக் கூடாது என்று தெரிந்தே கேட்டார். “என்னப் பத்தி எதுவும் சொன்னாளா?”

சின்னக்கருப்பன் யோசித்தான். “இல்ல சார். ஒண்ணும் சொல்லல.”

திட்டியிருந்தால்கூட ஒரு பிடிமானம் இருந்திருக்கும்.

வகுப்பு இப்போது கோவில்பட்டியில், ஒரு தையல் கடையின் பின்கட்டில் நடக்கிறது. பழைய சட்டம்தான். ஆனால் புது பேட்ச் சேர்ந்தால் முதல் வாக்கியத்தை வாத்தியாரே சொல்கிறார். “ஐ லுக்ட் அவே.” பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். “எதப் பாத்து சார்?”

அவர் சொல்கிறார். கப், கிளாஸ், ‘கரெக்ட்’ என்று தான் சொன்னது, ‘நெக்ஸ்ட்’ என்று அடுத்தவனைக் கூப்பிட்டது, டீயை நிறுத்தியது, எதையும் விடாமல். ஒவ்வொரு பேட்ச்சிலும் சொல்லும்போது கழுத்து வியர்க்கிறது. சாக்பீஸ் விரலில் பிசுபிசுக்கிறது. சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சிலர் மறுநாளிலிருந்து வருவதில்லை. அவர்கள் வீட்டிலும் கப் இருக்கிறது போல.

போன பேட்ச்சில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, “அப்புறம் அவிய அப்பாவுக்குக் கிளாஸ் வந்துச்சா சார்?” என்று கேட்டாள்.

“இல்லம்மா,” என்றார் பூவனலிங்கம்.

அவள் உட்காரவில்லை. அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றுகொண்டே இருந்தாள்.